பத்துப் பாட்டும் ஐம்பதாயிரம் பிரதியும்

பழைய திரைப்பாடல் ஒன்றைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. யாரிடமும் கேட்க வேண்டாம், பாட்டு எல்லோருக்கும் பொது என்பது ஒன்று. முப்பது நொடிக்குள் பாடி நிறுத்திவிட்டால் குற்றமில்லை என்பது இன்னொன்று. காசு வாங்காமல் வெளியிட்டால் சட்டம் கண்டுகொள்ளாது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. ஆனாலும் மூன்றையும் சொல்கிறவர்கள் ஏதோ வேதவாக்கைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். நண்பர்கள் மூவர் சேர்ந்து கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடியறையில் நடத்தும் எங்கள் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இந்த விடைகளில் ஏதேனும் ஒன்றைக் கையில் ஏந்தாமல் வருகிறவர்கள் குறைவு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஒரு மெல்லிசைக் குழுப் பாடகர். எழுபத்தொரு வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பாடியவர். சுற்று வட்டாரத்துச் சுவரொட்டிகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘நம்ம ஊர் டி.எம்.எஸ்.’ என்று அச்சிடுவது வழக்கம். அவர் பாடிய ஒரு கச்சேரிகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. மேல் ஸ்தாயியில் குரல் இப்போது இழுத்துப் பிடித்தால்தான் நிற்கிறது. அது முற்றிலும் போய்விடுவதற்குள் பத்துப் பாட்டுகளைப் பாடிப் பதிந்து, இருநூறு பென்டிரைவ்களில் போட்டு ரசிகர்களுக்குக் கொடுக்க வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும் என்று கேட்டார். பட்டியலைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாரதி பாடல்கள் இரண்டு, ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டு ஒன்று, ‘கல்யாண பரிசு’ பாட்டுகள் இரண்டு, கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தவை நான்கு, இளையராஜாவின் பாட்டு ஒன்று.

“இதுல யோசிக்க என்ன தம்பி இருக்கு? மைக்கைப் போடுங்க” என்றார். யோசிக்க நிறையவே இருந்தது.

இங்கே சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தமிழில் காப்புரிமை என்ற ஒரே சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் படைப்புகளுக்கான உரிமைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். பதிப்புரிமை என்றால் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. பாட்டுக்கு எது பொருந்தும் என்று வழக்கு முடியும்வரை நாங்கள் காப்புரிமை என்றே எழுதுகிறோம்.

ஒரு பாட்டு என்று காதில் விழுவது சட்டத்தின் கண்ணில் மூன்று பொருள்கள். வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. இரண்டையும் பாடி வாசித்துப் பதிந்தெடுத்த ஒலி தனிப் படைப்பு. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மூன்றையும் தனித்தனியே பாதுகாக்கிறது. பழைய இசைத்தட்டின் ஒலியைத் தொடாமல், நாமே வாசித்து நாமே பாடினால் மூன்றாவது உரிமைக்கு இடையூறில்லை. முதலிரண்டும் அப்படியே இருக்கின்றன. இதனால்தான் இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்கை இறக்கி அதன் மேல் பாடிக் கொடுங்கள் என்று கேட்பவர்களை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். அந்த டிராக்கை உருவாக்கியவருக்கு அந்த ஒலியின்மேல் தனியுரிமை இருக்கும். வரி, மெட்டு ஆகிய இரண்டு கடன்களோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வானேன்?

எண்பதுகளில் எங்கள் ஊர் பெரிய தெருவில் ரெக்கார்டிங் சென்டர் என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தன. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், இரண்டு நாளில் தொண்ணூறு நிமிடங்களுக்குப் பதிந்து, அட்டையில் முத்து முத்தான கையெழுத்தில் பாட்டுகளின் முதலடிகளை எழுதித் தருவார்கள். ஒரு தலைமுறையின் இசையறிவு முழுவதும் அந்தக் கடைகளில்தான் உருவாயிற்று. சட்டப்படி பார்த்தால் அந்த வியாபாரத்தில் வரி, மெட்டு, ஒலி மூன்றும் சேர்ந்தே பறிபோயின. புதிதாகப் பாடிப் பதிகிறவன் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் கேசட் கடைக்காரரை யாரும் கேட்கவில்லை. இன்று மாடியறையில் பாடி இணையத்தில் ஏற்றுகிறவனை இயந்திரமே அடையாளம் கண்டு கேட்கிறது.

மூன்று உரிமைகளுக்கும் ஆயுள் வேறு வேறு. வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த ஆண்டு முடிந்தபின் அறுபது ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்தபின் அறுபது ஆண்டுகள். (1992 வரை இது ஐம்பதாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் உரிமை நீங்கி வெளியே வரவிருந்த வேளையில் பத்தாண்டு கூட்டினார்கள். ஒரு கவிஞருக்காக நாட்டின் எல்லாப் படைப்புகளின் ஆயுளையும் நீட்டிய கதை அது.) ஆகவே பாடகரின் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த முதல் வேலை, இறந்தவர்களின் ஆண்டுகளை எழுதுவது. இசையைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் திதி பார்க்கும் புரோகிதர்கள்போல ஆகிவிட்டோம்.

‘கல்யாண பரிசு’ 1959-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், முப்பது வயதைத் தொடாமலேயே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தார். எனவே அவர் வரிகளுக்கான காலம் 2019 இறுதியோடு முடிந்தது. ஆனால் அப்படத்துக்கு இசையமைத்த ஏ.எம். ராஜா 1989-இல் மறைந்தவர். அவர் மெட்டு 2049 முடியும்வரை கட்டுப்பட்டது. பாட்டின் பாதி விடுதலை, பாதி காவல்! வரிகளை எடுத்துப் புது மெட்டில் பாடலாம். ஆனால் அந்த வரிகளை வேறு மெட்டில் கேட்க யார் வருவார்கள்?

‘ஹரிதாஸ்’ 1944-ஆம் ஆண்டுப் படம். தியாகராஜ பாகவதரின் குரல் பதிந்த அந்த ஒலிக்கான காலம் என்றோ கடந்துவிட்டது. ஆனால் வரிகளை எழுதிய பாபநாசம் சிவன் 1973 வரை வாழ்ந்தார். வரிகளின் உரிமை 2033 முடியும்வரை நிற்கும். இசைத்தட்டு செத்துவிட்டது, அதன் உள்ளே இருக்கும் பாட்டு உயிரோடிருக்கிறது.

கண்ணதாசன் மறைந்தது 1981. வரிகள் 2041 வரை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவர் சேர்ந்து செய்த மெட்டுகளுக்குக் கடைசியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு. ராமமூர்த்தி 2013, விஸ்வநாதன் 2015. ஆக, 2075 முடிய வேண்டும். இதைச் சொன்னபோது பாடகர் சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பாரதி விஷயம் தமிழ்நாட்டுக்கே உரிய வினோதம். 1921-இல் மறைந்த கவிஞரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்தன. மறுவருடம் டி.கே. சண்முகம் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. கவிஞனின் பாட்டு ஒரு தனிமனிதர் சொத்தா என்று நாடெங்கும் குரல் கிளம்ப, 1949-இல் ஓமந்தூரார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது; ஐம்பதுகளின் நடுவில் அது மக்களுக்கே விடப்பட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வாசித்திராதவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த படியை: விடுதலையானவை பாரதியின் வரிகள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் வந்தவர்கள் போட்ட மெட்டுகள் அவரவர் உரிமை. பாடகர் தேர்ந்த இரண்டில் ஒன்று 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்து மெட்டு. இசை ஜி. ராமநாதன், மறைவு 1963. அவருடைய மெட்டு 2023 முடிந்ததும் பொதுவாகிவிட்டது. மற்றொன்று 2000-இல் வந்த ‘பாரதி’ படத்துக்கு இளையராஜா அமைத்தது. வரி நம்முடையது, மெட்டு அவருடையது.

ஆக, பத்தில் ஒன்றே ஒன்றுதான் யாரையும் கேளாமல் பாடத்தக்கதாக மிஞ்சியது.

மற்றவற்றுக்கு வழியே இல்லையா என்றால், சட்டத்தில் ஒரு வழி உண்டு. அந்த வழியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோக்கள் பரவியிருந்த காலம். சுருள் என்பது இசையின் பிரதியாகாது, கண்ணால் வாசிக்க முடியாததைப் பிரதி என்று எப்படிச் சொல்வது என்று 1908-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடமே சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளருக்கு இயந்திரப் பதிவின்மேல் உரிமை கொடுத்தார்கள். கூடவே, ஒரே பெரிய நிறுவனம் எல்லாப் பாட்டுகளையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தால், ஒருமுறை பதிவாகிவிட்ட பாட்டைப் பிரதிக்கு இரண்டு சென்ட் கொடுத்து எவரும் மீண்டும் பதியலாம் என்றும் விதித்தார்கள். அந்த இரண்டு சென்ட் 1978 வரை அப்படியே இருந்தது. இதே எண்ணம் 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தில் நுழைந்து, 1914-இல் இந்தியாவுக்கும் வந்து, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 52-ஆம் பிரிவின் ஒரு சிறு உட்பிரிவாகக் குடியேறியது. முன்னறிவிப்புக் கொடு, ராயல்டி செலுத்து, பாடிக்கொள்.

அந்த உட்பிரிவின் மேல் ஒரு சாம்ராஜ்யமே எழுந்தது. டெல்லியில் குல்ஷன் குமார் நடத்திய டி-சீரிஸ் நிறுவனம், பழைய இந்திப் பாட்டுகளைப் புதிய குரல்களில் பாடவைத்து மலிவு விலைக் கேசட்டுகளாக நாடு முழுவதும் இறைத்தது. முகம்மது ரஃபியின் பாட்டுகளைப் பாடித்தான் சோனு நிகம் முதலில் அறியப்பட்டார். அட்டையில் படத்தின் பெயரும் தோற்றமும் அசலைப்போலவே இருக்க, வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்று வழக்குகள் நடந்தன. ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படப் பாட்டுகள் தொடர்பாக 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது அவற்றில் பிரபலமானது.

அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 31சி என்ற புதிய பிரிவாக வந்து இறங்கியது. அசல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்பு இரண்டாக இருந்தது. பதினைந்து நாள் முன்னதாக உரிமையாளர்களுக்கு அறிவிப்பு, அட்டையின் மாதிரி, முன்பணமாக ராயல்டி. அசலில் பாடியவர் பெயரோ உருவமோ, படத்தின் பெயரோ அட்டையில் இருக்கலாகாது. இது மறுபதிவு என்று அட்டையில் அச்சிட வேண்டும். வரியிலும் மெட்டிலும், தொழில்நுட்பத் தேவை கருதியன்றி மாற்றம் கூடாது.

எங்கள் பாடகர் ‘நம்ம ஊர் டி.எம்.எஸ்.’ அல்லவா! நாற்பது ஆண்டுகளாக ஊர் அவருக்குக் கொடுத்த ஒரே பட்டத்தை அவருடைய ஒரே வெளியீட்டின் அட்டையில் போட முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வயலின்கள் வாசித்த இடையிசையை ஒற்றைக் கீபோர்டில் எழுப்புவது தொழில்நுட்பத் தேவையா, மாற்றமா என்பதைப் பற்றி எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. மூச்சு போதவில்லை என்று இரண்டாவது சரணத்தை விட்டுவிட நினைத்தாரே, அதற்கு என்ன பெயர்?

இவையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது எண்ணிக்கை. எத்தனை பிரதி போட்டாலும், ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்குக் குறைந்தது ஐம்பதாயிரம் பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும் என்கிறது பிரிவு. பிரதிக்கு ஒரு ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய். பாரதி வரியொன்றுக்கு நாங்களே புது மெட்டுப் போட்டுக்கொண்டாலும் மீதி எட்டுப் பாட்டுகளுக்கு நான்கு லட்சம். போடப்போவது இருநூறு பென்டிரைவ்! லட்சக்கணக்கில் கேசட் விற்ற டெல்லி வியாபாரிகளை மனத்தில் வைத்துத் தைத்த சட்டையைக் கும்பகோணத்து மாடியறைக்குப் போட்டுவிட்டார்கள். குறிப்பிட்ட மொழியில் அல்லது வட்டார வழக்கில் உள்ள படைப்புகளுக்கு, அவை பரவக்கூடிய அளவைக் கருதி இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாழ்த்தலாம் என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. தாழ்த்தும் அதிகாரம் காப்புரிமை வாரியத்துக்கு. அந்த வாரியம் 2017-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைக்கப்பட்டது. 2021-இல் அதுவும் கலைக்கப்பட்டு அதன் பணிகள் நீதிமன்றங்களிடம் போயின. இருநூறு பென்டிரைவுக்காக நீதிமன்றப் படியேறுகிறவர் யார்?

படைத்தவனுக்குக் காசு போகக் கூடாது என்று சொல்கிறோம் என யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் கட்சி அதற்கு நேர் எதிரானது. 1977-இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காகக் கூலிக்கு எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவனுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று நாடாளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்தார். 2012-இல்தான் அதற்கு ஓரளவு பதில் வந்தது. படத்துக்கு எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படம் ஓடுவது தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளில் சரிபாதி ராயல்டி பெறும் உரிமையை, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்று ஆயிற்று. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியது பலருக்கு நினைவிருக்கும். கண்ணதாசன் குடும்பத்துக்கும் ஏ.எம். ராஜா குடும்பத்துக்கும் எங்கள் கூடத்திலிருந்து நூறு ரூபாய் போகும் என்றால் மகிழ்ச்சியோடு கொடுப்போம். இருநூறு பிரதிக்கு நியாயமான தொகையைக் கொடுத்துவிட்டுப் பாட ஒரு சன்னல் எங்கே இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

2017-இல் அமெரிக்கப் பயணத்திலிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது, தமிழகமே நட்பா பணமா என்று பட்டிமன்றம் நடத்தியது. அது மேடைக் கச்சேரி பற்றியது; பதிவுக்கு அந்த விதிகள் வேறு என்பதைக் கவனித்தவர்கள் சொற்பம். கல்யாண வீட்டில் பாடுவதற்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது, மாப்பிள்ளை அழைப்பு உட்பட. அதே பாட்டை அதே பாடகர் எங்கள் அறையில் பாடிப் பதிந்து வெளியிட்டால் விலக்கு கிடையாது.

நாங்கள் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினோம். ஒன்று, எட்டில் மூன்று பாட்டுகளுக்கு மொத்தத் தொகை ஒன்றைக் கேட்டது. அதில் எங்கள் கூடத்துக்குப் புதுக் கணினி வாங்கலாம். இன்னொன்று, காணொளியும் உண்டா என்று மட்டும் கேட்டு எழுதியது. கேட்டது நியாயம்தான். 31சி ஒலிப்பதிவுக்கு மட்டுமே. பாடுகிறவர் முகத்தைக் காட்டிப் படமெடுத்து ஏற்றினால் அது வேறு அனுமதி. யூடியூபில் 2007 முதல் இயங்கும் அடையாளங்காணும் பொறி, மெட்டைக் கண்டுகொண்டு விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடவும் கூடும், காணொளியையே மறைத்துவிடவும் கூடும். முன்னது நடந்தால் பலர் அதையே அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உரிமையாளர் இன்று காட்டும் பொறுமை; நாளை காட்டாமலும் போகலாம்.

கடைசியில் செய்தது இது. பத்துப் பாட்டையும் பதிந்தோம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலைச் சட்டம் தடுக்கவில்லை என்ற அளவில், அவர் வீட்டில் கேட்பதற்கு ஒரே ஒரு பிரதி அவர் கையில் கொடுத்தோம். கூடத்துக்கான கட்டணத்தை வாங்கவில்லை. வெளியீட்டுக்கு வேறு பாட்டுகள் தேடினோம். அப்போதுதான் அவர் தகப்பனார் நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவர் என்பது தெரியவந்தது. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடல்கள் சிறுவயதிலேயே அவர் காதில் ஏறியிருந்தன. “அதை இப்ப எவன் தம்பி கேப்பான்?” என்று சலித்துக்கொண்டார். பாட உட்கார்ந்ததும் நாங்கள் அறியாத ஒரு குரல் வந்தது. டி.எம்.எஸ். சாயல் துளியும் இல்லாத, சற்றே மூக்கில் ஒலிக்கும், கொட்டகையின் கடைசி வரிசைவரை எறியும் குரல். நான்கு நாடகப் பாடல்கள், ‘கப்பலோட்டிய தமிழன்’ மெட்டில் ஒன்று, எங்கள் நண்பர் மெட்டமைத்த பாரதி பாட்டு ஒன்று என ஆறு பாட்டுகள் வெளியாயின. இருநூறில் நூற்றுப் பத்து போயிருக்கின்றன.

அவருக்குத் திருப்தியில்லை. ஊர் அவரிடம் கேட்பது கண்ணதாசனை. மாதமொருமுறை மாடிப்படி ஏறி வந்து, கம்பெனியிலிருந்து பதில் வந்ததா என்று கேட்கிறார். இரண்டாவது நிறுவனத்துக்குக் காணொளி இல்லை, ஒலி மட்டும், இருநூறு பிரதி என்று பதில் எழுதி ஐந்து மாதமாகிறது. எட்டுப் பாட்டுகளும் மிக்ஸிங் முடிந்து வன்தட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் அது விடுதலையாகும் ஆண்டையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம்.